சிம்னி ஃபில்டர் பிசுக்கு: ஸ்ப்ரேயை விட ஊறவைக்கும் பவுடரே மேல்

சமையலறை சிம்னியின் ஃபில்டரில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை: நுரை வரும் டீக்ரீசர் ஸ்ப்ரே, ‘ஆக்சிஜன்’ பவுடர், வாஷிங் சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட். எஃகு ஃபில்டருக்கு வாஷிங் சோடா, அலுமினிய ஃபில்டருக்குப் பாத்திர லிக்விட். இதுதான் எங்கள் தேர்வு. கவர்ச்சியான பாட்டிலில் வரும் ஸ்ப்ரே ஃபில்டரைப் பொறுத்தவரை பின்னால்தான் நிற்கிறது.

எதை வாங்குவதற்கு முன்னும் உங்கள் ஃபில்டர் என்ன உலோகம் என்று பாருங்கள். தகடுகளை மடித்து ஒன்றுக்கொன்று எதிராகக் கவிழ்த்து அடுக்கியிருந்தால் அது பேஃபிள் ஃபில்டர். கையில் கனமாக இருக்கும், பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மெல்லிய வலைகள் பல அடுக்காக ஒரு சட்டத்துக்குள் இருந்து, தூக்கினால் எடையே தெரியாவிட்டால் அது மெஷ் ஃபில்டர், பெரும்பாலும் அலுமினியம். காந்தம் ஒட்டினால் அலுமினியம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. அப்போது எடைதான் துப்பு. சந்தேகம் தீராவிட்டால் அலுமினியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே விடும் சிம்னிகளில் கார்பன் ஃபில்டர் ஒன்றும் இருக்கும். கழுவலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் ஒழிய அதை நனைக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

புதிதாகப் படிந்த எண்ணெய் வெந்நீருக்கும் சோப்புக்கும் கரைந்துவிடும். பல மாதம் சூட்டிலும் காற்றிலும் கிடந்த எண்ணெய் அப்படியல்ல. அது ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகி, வார்னிஷ் பூசியதுபோல் பழுப்பு நிறப் படலமாகிவிடுகிறது. அதை உடைக்கக் காரத்தன்மை, சூடு, நேரம் மூன்றும் ஒன்றாக வேண்டும். ஊறவைப்பது வெல்வதும் ஸ்ப்ரே தோற்பதும் இதனால்தான். அடித்த ஸ்ப்ரே சில நிமிடத்தில் ஆறி, வழிந்து, காய்ந்துவிடுகிறது. அதோடு பேஃபிளின் மடிப்புக்குள், பிசுக்கு அதிகம் தங்கும் இடத்துக்கு, அது போய்ச் சேர்வதேயில்லை.

வாஷிங் சோடா என்பது சோடியம் கார்பனேட். கரைசலின் காரத்தன்மையைக் காட்டும் pH அளவு சுமார் 11. எண்ணெயைச் சோப்பாக மாற்றத் தொடங்க இது போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இதனால் கேடில்லை. அளவு: 5 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் பவுடர், கூடவே ஒரு மேசைக்கரண்டி பாத்திர லிக்விட். லிக்விடை விட்டுவிடாதீர்கள். சோடா உடைத்த எண்ணெயை நீரில் மிதக்கவைத்து, மறுபடி உலோகத்தில் ஒட்டாமல் தடுப்பது அதுதான். வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பவுடராக வருவது நீரற்ற சோடா. கண்ணாடிக் கற்கள்போல் படிகமாக வருவதில் எடையில் 63 சதவீதம் வெறும் தண்ணீர். அதனால் 100 கிராம் பவுடர் செய்யும் வேலைக்குப் படிகம் ஏறக்குறைய 270 கிராம் வேண்டும். ‘சோடா போட்டும் போகவில்லை’ என்ற புகார்களில் பல இந்தக் கணக்குத் தவறியதால் வருபவை.

செய்முறை எளிது. சிம்னியை அணைத்து ஆறவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். தடித்த பிசுக்கைப் பிளாஸ்டிக் தகட்டால் முதலிலேயே வழித்து, காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். அதைக் கரைக்கச் சோடாவை வீணாக்க வேண்டாம். ஃபில்டர் முழுதும் மூழ்கும் தொட்டியில் 60 டிகிரி வெந்நீர் ஊற்றி, சோடாவைக் கரைத்த பிறகு ஃபில்டரை இறக்குங்கள். தொட்டி அலுமினியமாக இருக்கக் கூடாது. 30 நிமிடம் கழித்துப் புரட்டிப்போட்டு, இன்னொரு 30 நிமிடம் விடுங்கள். நீர் வெதுவெதுப்பாகிவிட்டால் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். பழுப்பாகிப்போன நீரில் இரவு முழுதும் போட்டுவைப்பதை விட, புதிய சுடுகரைசலில் இரண்டாம் முறை அரைமணி நேரம் வைப்பது எவ்வளவோ மேல். மடிப்புகளுக்குள் பாட்டில் கழுவும் பிரஷ் நன்றாகப் போகும். கையுறை கட்டாயம், சோடா தோலில் உள்ள எண்ணெயையும் விட்டுவைக்காது.

‘ஆக்சிஜன்’ பவுடர் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் நல்ல பொருள்தான். ஆனால் அது என்ன என்று தெரிந்து வாங்குங்கள். தண்ணீரில் கரைந்ததும் அது வாஷிங் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சோடாதான். மீதி வரும் பெராக்சைடு குமிழிவிட்டு, இறுகிய படலத்தின் விளிம்புகளைக் கிளப்புகிறது, பழுப்புக் கறையை வெளுக்கிறது. ஆண்டுக்கணக்கில் கழுவாத ஃபில்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மாதாமாதம் கழுவும் ஃபில்டருக்கு விலை குறைந்த வாஷிங் சோடாவே போதும். துணிக்கென்று வரும் ஆக்சிஜன் பவுடர்களில் பெர்கார்பனேட் ஒரு பகுதிதான் இருக்கும், லேபிளைப் படியுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் சட்டென்று பொங்கி வழிந்து, பிசுக்கைத் தொடும் முன்பே சக்தி தீர்ந்துவிடும். 50 முதல் 60 டிகிரி சரியான சூடு. கரைத்ததை மூடிய பாட்டிலில் சேமித்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கரையுங்கள்.

டீக்ரீசர் ஸ்ப்ரேக்களில் இரண்டு ரகம். வாஷிங் சோடாவை விடக் கடுமையான காரமான காஸ்டிக் சோடா கலந்தவை எஃகில் வேகமாக வேலை செய்யும். அலுமினியத்தையோ அரித்து, கறுக்கவைத்து, ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பெயின்ட் அடித்த சிம்னி உடலிலும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. காஸ்டிக் இல்லாத, கரைப்பானும் சர்ஃபேக்டன்ட்டும் (சோப்புபோல் எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் பொருள்) சேர்ந்த ரகம் சிம்னியின் வெளிப்புறத்துக்கும், கழற்ற முடியாத உட்புறத் தகட்டுக்கும் மிகப் பொருத்தம். அங்கே ஸ்ப்ரேக்கு முழு மதிப்பெண் தருகிறோம். அதையும் துணியில் அடித்துத் துடையுங்கள், நேரே அடித்தால் சுவிட்சுக்குள்ளும் விளக்குக்குள்ளும் இறங்கும். எந்த ஸ்ப்ரேயாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான்.

அலுமினிய மெஷ்ஷுக்கு வாஷிங் சோடா வேண்டாம், பெர்கார்பனேட்டும் வேண்டாம். அலுமினியத்துக்குப் பாதுகாப்பு என்று லேபிளில் எழுதிய பொருள்களில் வழக்கமாக சோடியம் சிலிகேட் இருக்கும். அது உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் அமைத்து அரிப்பைத் தடுக்கும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் 5 லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாத்திர லிக்விட், 20 நிமிடம். நீரை மாற்றி இரண்டு மூன்று முறை. மெதுவாகத்தான் போகும். தேய்க்காதீர்கள், வலை கிழியும்; நீருக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுவியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்தக் கட்டம் இன்னும் அடைத்திருக்கிறது என்று தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் பாதி அடைத்தே இருந்தால் புது மெஷ் வாங்குங்கள்.

டிஷ்வாஷரில் எஃகு பேஃபிளைச் சாய்த்து நிறுத்திக் கழுவலாம், பாத்திரங்களோடு சேர்க்காமல். அலுமினியம் அதில் சாம்பல் நிறமாக மங்கிவிடும்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து நுரை வரவைக்கும் முறைக்கு எங்களிடம் மதிப்பெண் இல்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன, பிசுக்குக்கு மிஞ்சுவது உப்புத் தண்ணீர். பிளீச் பிசுக்கை எடுக்காது, எஃகில் புள்ளிப்புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். இரும்பு நார் விட்டுச்செல்லும் துகள்கள் துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். அடுப்புத் தீக்கு நேர் மேலே மாட்டப்போகும் பொருள் அது.

அலசும்போது ஃபில்டரின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சுங்கள், மாட்டிய அழுக்கு வந்த வழியே வெளியேறும். தொட்டி நீர் ஆறியதும் மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை மட்டும் நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடுங்கள். கொழுப்போடு ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைக்கும். பேஃபிளை வடிகால் துளைகள் கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, மடிப்புக்குள்ளும் ஈரமில்லாமல் காயவிட்டு மாட்டுங்கள்.