அட்டபுல்கைட் களிமண்ணா, மூலக்கூறு சல்லடையா?

விமான எரிபொருளைச் சுத்திகரிக்க அட்டபுல்கைட் களிமண்ணா, மூலக்கூறு சல்லடையா (நுண்துளைகள் கொண்ட உறிஞ்சும் மணிகள்) என்றால், எதை நீக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

சர்ஃபேக்டன்ட் (நீரையும் எண்ணெயையும் பிரியவிடாமல் கலந்து வைக்கும் பொருள்), நிறப்பொருள் என்றால் அட்டபுல்கைட் களிமண்தான். சாதாரண வெப்பநிலையிலேயே வேலை செய்யும். சர்ஃபேக்டன்ட் தங்கிவிட்டால் பின்னாலுள்ள கோலெசர் வடிகட்டி நீர்த்துளிகளை ஒன்றுசேர்க்காது, நீர் எரிபொருளோடு போய்விடும். களிமண்ணின் எதிரியும் நீர்தான்: ஈரம் ஏறினால் பிடித்து வைத்த சர்ஃபேக்டன்ட்டையே திரும்ப விட்டுவிடும். அதனால் களிமண் படுகைக்கு முன்னால் உப்பு உலர்த்தி (உப்பால் நீரை ஈர்த்து எடுக்கும் கலன்) போன்ற ஒன்று வேண்டும். நிலைமின்னைக் கடத்த எரிபொருளில் கலக்கும் சேர்மத்தையும் களிமண் உறிஞ்சும். அதைப் படுகைக்குப் பிறகு மறுபடி கலக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கரைந்த நீர்தான் சிக்கல் என்றால் சல்லடை. 4ஏ வகையின் துளை சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). நீர் நுழையும், பெரிய ஹைட்ரோகார்பன்கள் நுழையா. ஆனால் நிறமும் சர்ஃபேக்டன்ட்டும் அந்தத் துளைக்குள் போகாது, ஆகவே அது களிமண்ணுக்கு மாற்றே அல்ல. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்துக்கு, துளை பெரிய 13எக்ஸ் வகைச் சல்லடை உண்டு. அதில் அரோமாட்டிக்குகளும் (பென்சீன் வளையமுள்ள ஹைட்ரோகார்பன்கள்) இடம் பிடிப்பதால் மண்ணெண்ணெய் வகைகளில் கொள்ளளவு குறையும்.

சல்லடையை 200–300 டிகிரி செல்சியஸ் சூடான வாயுவால் மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். முதலில் திரவத்தை முழுதாக வடித்துவிட வேண்டும்; மிச்சம் நின்றால் கார்பனாகித் துளையை அடைக்கும். கரையாத தனிநீர் புகுந்தால் மணிகள் நொறுங்கும். எரிபொருள் களிமண்ணைப் பெரும்பாலும் மீட்பதில்லை, மாற்றிவிடுகிறார்கள்.