பழைய சேலஞ்சரா, ஹெல்கேட்டா?

1970 டாட்ஜ் சேலஞ்சர் என்ற அமெரிக்கக் காரில் 426 கன அங்குல ஹெமி எஞ்சினுக்கு 425 குதிரைத்திறன் என்று போட்டார்கள், அதே சேலஞ்சரின் புதிய அதிவேக மாடலான 2015 ஹெல்கேட்டுக்கு 707. அந்தப் பழைய எண்ணும் ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் எஞ்சினைத் தனியாக ஓடவிட்டு எடுத்த கணக்கு, அமெரிக்காவில் 1972 வாக்கில்தான் இந்தப் பழக்கம் போனது. வேகம், பிரேக், வளைவு எல்லாவற்றிலும் புதியதுதான், சரி, இதில் சண்டையே வேண்டாம். ஆனால் பழையதில் குளிர்ந்த காலையில் பெடலை இரண்டு தடவை மிதித்து, இரண்டு கார்பரேட்டரும் பெட்ரோலைக் குடித்து, வண்டியே ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு எஞ்சின் பிடிக்கும் பாருங்கள், அந்த வாடை சட்டையிலேயே தங்கிவிடும். ஹெல்கேட்டில் பட்டன்தான். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் ஊளையிடுவது எனக்கும் பிடிக்கும். ஆனாலும் ஒரே ஒரு சாவிதான் என்றால் 1970-ஐத்தான் எடுப்பேன், பெட்ரோல் கணக்கை மட்டும் வீட்டில் கேட்காமல் இருக்க வேண்டும்.