பெடல் ஸ்டீலுக்கு ஒரு ஆம்ப்: நாகர்கோவில் கரண்டில் பீவி நாஷ்வில் 112

பெடல் ஸ்டீல் கிடாருக்கு ஆம்ப் தேடும்போது வாட் கணக்குதான் முதலில் பார்க்க வேண்டியது. சத்தம் கூட்டுவதற்காக இல்லை. பாதி சத்தத்தில் வாசிக்கும்போதும் மீதிப் பாதி ஆம்புக்குள் தயாராக இருக்க வேண்டும், அதற்காக.

எனக்குத் தொழில் மைக் செட். கல்யாண வீடு, கன்வென்ஷன், கோயில் கொடை, ஊர்த் திருவிழா என்று மார்த்தாண்டம் முதல் ஆரல்வாய்மொழி வரை பெட்டி தூக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சபையில் கொயருக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டீல் வாசிப்பேன். டெக்சாஸில் வேலை முடித்து ஊருக்குத் திரும்பிய அத்தான், வீட்டுச் சாமான்களோடு பத்துக் கம்பி பெடல் ஸ்டீலையும் இந்த நாஷ்வில் 112 ஆம்பையும் கொண்டுவந்தார். ஸ்டீலைச் சும்மா தந்தார். ஆம்புக்குக் காசு வாங்கிக்கொண்டார், அது வேறு கதை.

இந்த வாத்தியத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு: கிடார் மேஜை போல நான்கு காலில் நிற்கும். இடது கையில் இரும்பு பார். இடது பாதம் மூன்று பெடல்களில் இருக்கும், முட்டிகள் இரண்டும் லீவர்களைத் தள்ளும், வலது பாதம் வால்யூம் பெடலை விட்டு நகராது. ஆம்ப் விஷயமே அந்த வலது பாதத்தில்தான் இருக்கிறது. கம்பியை மீட்டினதும் ஒலி தேயத் தொடங்கும். அது தேயத் தேய நாம் பெடலை மெல்ல முன்னால் அழுத்தி ஈடு கட்டுகிறோம். கேட்கிறவருக்கு சுரம் வயலின் மாதிரி நீண்டு நிற்கும். ஆக, மீட்டும்போது பெடல் பாதியில் நிற்கிறது, முழுச் சத்தம் பிறகுதான் வருகிறது. சின்ன ஆம்ப் என்றால் மீட்டின அந்த முதல் தட்டிலேயே ஒலி கிழிந்து, கரகரவென்று உடைந்துவிடும்.

ராக் கிடார்காரர்கள் கிழிசலைக் காசு கொடுத்து வாங்குவார்கள். ஸ்டீலுக்கு அது ஆகாது. இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டி, ஒன்றை அப்படியே நிறுத்தி மற்றதைப் பெடலால் மேலே இழுப்பதுதான் இதன் அழகு. கிழிந்த ஆம்பில் அந்த இரண்டு சுரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் தனி ஒலிகளாகக் கிளம்பும். பெடல் இழுக்கிற வேகத்துக்கு அவையும் ஊர்ந்து ஓடும். என்னிடம் முன்பு இருந்த 40 வாட் கிடார் ஆம்பில் (பெயர் வேண்டாம்) இதைக் கேட்டுவிட்டு எங்கள் கொயர் மாஸ்டர் சொன்னது: "எடே, அது அழட்டும், கத்தாண்டாம்."

நாஷ்வில் 112 தருவது 80 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். 40-ல் இருந்து 80 என்றால் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்க வேண்டாம். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் வாட்டோடு ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியையும், அதாவது ஒரு வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதையும் கேளுங்கள். 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கர் போட்டால் ஆம்பை இரட்டித்த பலன் கிடைக்கும். மைக் செட்காரனுக்கு இது பாலபாடம். கிடார் வாங்க வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

இந்த ஆம்பில் எனக்குப் பிடித்த இடம் மிட் குமிழும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஷிஃப்ட் குமிழும். ஷிஃப்ட் எந்த அதிர்வெண்ணைத் தொடலாம் என்று தேர்ந்தெடுக்கும், மிட் அதைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஸ்டீலின் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) மெல்லிய கம்பி ஏகப்பட்ட சுற்று சுற்றியிருப்பதால் நடு ஒலி முண்டியடித்துக்கொண்டு வரும், மூக்கால் பாடுவது போல. 800 ஹெர்ட்ஸ் பக்கம் ஷிஃப்டை வைத்து மிட்டை நன்றாகக் குறைத்தால் அந்த மூக்கு போய்விடும். அமெரிக்காவில் ஸ்டீல் வாசிப்பவர்கள் பல காலமாகச் செய்கிற வேலை இது. சாதாரண கிடார் ஆம்பில் ஒற்றை மிட் குமிழ்தான் இருக்கும், அது எந்த இடத்தைத் தொடும் என்று முடிவு செய்தவர் எலக்ட்ரிக் கிடாரை மனதில் வைத்துச் செய்திருப்பார். பீவி கம்பெனி இதை ஸ்டீலுக்கென்றே செய்தது. நாஷ்வில் 400, நாஷ்வில் 1000 என்று இதற்கு அண்ணன்மார் உண்டு. அவற்றில் 15 அங்குல ஸ்பீக்கர், எடையும் அதற்கேற்ப. 112-ஐ நான் ஒற்றை ஆளாகத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிடுவேன். இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

குறை என்று பார்த்தால், தாழ்ந்த கம்பிகள். நான் வாசிப்பது E9 டியூனிங், கம்பிகளைச் சுருதி சேர்க்கும் முறைகளில் ஒன்று. அதில் பத்தாவது கம்பி 123 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது, 12 அங்குலம் அதற்குத் தாராளம். C6 டியூனிங்கில் கடைசிக் கம்பி 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அத்தான் E9-க்கு ஒன்று, C6-க்கு ஒன்று என்று இரண்டு கழுத்து உள்ள ஸ்டீல் வாசித்த ஆள். "சவத்தை, அடியில ஒண்ணும் இல்ல" என்பார். C6 வாசிப்பவர்கள் 15 அங்குலத்துக்குப் போவதே சரி.

இனி கரண்ட். அமெரிக்காவிலிருந்து வரும் ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் 230, 50. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் பணம் புகையாகப் போகும். மலிவாகக் கிடைக்கிற ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வேண்டாம். அதில் மெயின் லைனுக்கும் ஆம்புக்கும் நடுவே பிரிவு கிடையாது. இரண்டு சுற்று தனித்தனியாக உள்ளதைச் சொல்லிச் செய்ய வேண்டும், எர்த்தையும் ஆம்ப் வரைக்கும் தொடரச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பார்மரின் திறன் 500 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) இருந்தால் இந்த ஆம்புக்கு நிம்மதி. ஆம்புக்குள் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், அதனால் நான் ஸ்டெப் டவுனை 110 வோல்ட்டுக்கே சுற்றச் சொன்னேன். வெளிநாட்டு விற்பனைக்குச் செய்த 230 வோல்ட் மாடல் கிடைத்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. வளைகுடாவிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கும்போது பின்பக்க ஸ்டிக்கரில் வோல்ட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம் இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றியிருக்கிற காந்தப் புலத்தையெல்லாம் பிடிக்கும். கிறிஸ்துமஸ் சீரியல் செட், ஃபேன் ரெகுலேட்டர், பழைய டியூப் லைட் சோக் எல்லாமே ஸ்பீக்கரில் வந்து பேசும். எந்த ஆம்ப் வாங்கினாலும் இது போகாது. ஸ்டீலை ஆம்பிலிருந்து நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அங்கேயே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவேன்.

"ஆம்பே எதுக்கு, மிக்சரில் நேராகப் போடலாமே" என்று சபையில் கேட்பார்கள். கீபோர்டுக்கு அது சரி. ஸ்டீல் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு இன்புட் வேண்டும். மிக்சரின் லைன் இன்புட்டோ பத்து, இருபது கிலோ ஓம் பக்கம்தான் இருக்கும். உச்ச ஒலி மொத்தமும் செத்துவிடும். நேராகத்தான் போட வேண்டும் என்றால் நடுவில் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (பிக்கப்பை மிக்சருக்குப் பொருத்தித் தரும் சின்னப் பெட்டி) வையுங்கள். பெரிய கூட்டம் என்றால் நான் ஆம்பின் முன்னால் ஒரு மைக்கை வைத்து மெயின் ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கிறேன். அப்போது ஆம்பை நாலில் ஒரு பங்குக்கு மேல் திறக்க வேண்டியே வருவதில்லை.

மற்றவை பற்றி: ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட், இரண்டு 12 அங்குலம், ஒலியில் இதைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் வால்வு ஆம்ப், முப்பது கிலோவுக்குப் பக்கம். மாடி ஏற்ற ஆள் வேண்டும், வால்வு போனால் வரவழைக்க வேண்டும். ரோலண்ட் ஜே.சி. 120-யும் சுத்தமான ஒலிக்குப் பேர்போனது, 1975 முதல் வருகிறது. எடை அதுவும் அப்படித்தான். கீபோர்டு ஆம்பில் தாழ்ந்த கம்பி நன்றாக வரும். ஆனால் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருப்பதால் பார் கம்பியில் உரசுகிற ஓசையும் சபை முழுக்கக் கேட்கும். ட்வீட்டரை அணைக்க வழி இருந்தால் மோசமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு, உள்ளூரில் உத்தரவாதத்தோடு ஏதாவது வேண்டும் என்றால், பாஸ் கடானா 100-ஐச் சொல்வேன். நூறு வாட், 12 அங்குலம், 230 வோல்ட், வீட்டுக்குள் வாசிக்க அரை வாட்டுக்கும் இறக்கலாம். கிளீன் சேனலில் கெய்னைக் கீழே வைத்து மாஸ்டரை ஏற்றுங்கள், மற்ற குமிழ்கள் நமக்கானவை அல்ல. ட்ரெபிளைக் குறைக்கத் தயங்க வேண்டாம்.

நாஷ்வில் 112-ஐப் பழையதாக வாங்குகிறவர்கள் ஸ்டீலைக் கையோடு கொண்டுபோய், வால்யூம் பெடலை அடி வரை அழுத்தி, தாழ்ந்த கம்பிகளைச் சேர்த்து மீட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர் கோன் உரசினால் அப்போதே தெரியும். எல்லாக் குமிழ்களையும் திருகுங்கள். கடல் காற்றில் இருந்த ஆம்ப் என்றால் கரகரக்கும், அது காண்டாக்ட் கிளீனரில் போய்விடும். அதைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசலாம். எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங் வேலை செய்கிறதா என்று பெட்டியை லேசாக ஒரு தட்டு தட்டினால் இடி மாதிரி சத்தம் வரும். வராவிட்டால் அதற்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள்.