ஏழு வருட ஓடிஜி, எண்பது கேக், ஒரு தலையாட்டி பொம்மை

கேக் சுடும் எங்கள் வீட்டு ஓடிஜி மின்னடுப்பின் டைமர் மணி ஊமையாகி மூன்று வருடமாகிறது. கதவுக் கைப்பிடியில் ஒரு திருகைக் காணோம். உள்சுவரில் ஏதோ ஒரு சாக்லேட் கேக் பொங்கி வழிந்த தடம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆனாலும் 2019 பொங்கல் கழித்து வாங்கிய இந்த 28 லிட்டர் பெட்டியில் இதுவரை எண்பதுக்கு மேல் பிறந்தநாள் கேக் வெந்திருக்கிறது. எதையும் விற்கவில்லை; எல்லாம் என் பிள்ளைகளுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் தோழிகளுக்கும். டிராக்டர், ரயில், வாத்துக் கூட்டம், ஒரு முறை தேர். அடுப்பைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. தொல்லையெல்லாம் கேக்கை வெளியே எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

வாங்கக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த புயலுக்குப் பிறகு, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த இருட்டில் மகளுக்கு ஐந்து வயது நிறைந்தது. பேக்கரிகள் திறக்கவில்லை. குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடேற்றி, உள்ளே மாவுப் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தேன். மேலே வெளுப்பு, அடியில் கருப்பு. “அமாவாசையும் பௌர்ணமியும் ஒரே தட்டில்” என்றார் மாமனார். மகள் முழுவதையும் தின்றாள். அடுத்த வருடம் இதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்ற வீம்பில் வந்ததுதான் இந்த அடுப்பு.

முதல் ஆறு மாதம் ஒரு கேக்கும் ஒரே மாதிரி வரவில்லை. என் கை சரியில்லை என்றே நினைத்திருந்தேன். பிறகு நானூறு ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்டால், குமிழ் 180 டிகிரி என்கிறது, உள்ளே 160தான். அதற்குமேல் வோல்டேஜ். குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் ஆனி, ஆடி மாத மாலைகளில் எங்கள் வீட்டில் பல்பே மங்கும். 230 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் கம்பிக்கு 180 வோல்ட் கிடைத்தால் சுமார் 920 வாட் சூடுதான் வரும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே சூடு நிறையக் குறைந்துவிடும். நாற்பது நிமிடத்தில் வேக வேண்டிய கேக் ஒரு மணி நேரம் கிடந்து வறண்டுபோகும். அதனால் இப்போதெல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கே அடுப்பை மூட்டிவிடுகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை, மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல் பேப்பரில் தேடிப் பார்க்கிறேன். பாதி வேகும்போது கரண்ட் போனால் கேக் நடுவில் குழிந்துவிடும், அதை எழுப்ப வழியில்லை. வீட்டு இன்வெர்ட்டர் இந்த அடுப்பைத் தாங்காது; அந்தச் சோதனையை நான் ஏற்கெனவே செய்து பார்த்துத் திட்டு வாங்கியாகிவிட்டது.

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் இரண்டு. நட்சத்திரத்துக்குக் கோவிலில் அர்ச்சனை, ஆங்கிலத் தேதிக்குக் கேக். அந்தத் தேதி வெள்ளிக்கிழமையிலோ கிருத்திகையிலோ விழுந்தால் முட்டை கூடாது. ஒரு கப் தயிரில் சர்க்கரையைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் போட்டு நுரைக்கவிட்டு, அரை கப் எண்ணெய், ஒன்றரை கப் மைதா சேர்த்தால் போதும். உருவமாகச் செதுக்குவதற்கு முட்டைக் கேக்கைவிட இதுவே எனக்குக் கைகொடுக்கிறது. ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்துவிட்டால் கத்தி போன பாதையில் உதிராமல் நிற்கும்.

கிரீம் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. நம் வெயிலுக்குத் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம்தான் சரி. நான் தஞ்சாவூரில் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு வைத்து, வடுவூர் வழி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். வழியில் உருகி, வீட்டில் மறுபடி உறைந்த கிரீமை நம்பாதீர்கள்.

ஃபாண்டன்ட் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. படங்களில் பார்க்கும் வழவழப்பான கேக்கெல்லாம் இந்தச் சர்க்கரைப் பசையால் போர்த்தியவை. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஐப்பசி அடைமழையில் நம் வீட்டு உப்பு ஜாடி என்ன கதியாகிறதோ, அதே கதிதான் ஃபாண்டன்டுக்கும். 2021 ஐப்பசியில் தோழியின் மகனுக்குச் சிவப்பு டிராக்டர் செய்தேன். பச்சை வயல், வரப்பு, ஓரத்தில் இரண்டு கொக்கு. இரவு பதினொரு மணிக்கு முடித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் டிராக்டர் முழுக்க முத்து முத்தாக வியர்த்தது. முதலில் பளபளப்பு கூடியதுபோல் அழகாகத்தான் இருந்தது. பிறகு முன்சக்கரத்தின் அடியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கிளம்பி, வயலில் பாய்ந்து, கொக்கின் கால்வரை போனது. பையன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “டீசல் ஒழுகுகிறது” என்றான். சி.எம்.சி. பவுடர் கலந்து இறுக்கலாம், ஏசி அறையில் உலர்த்தலாம். ஏசி இல்லாத வீட்டில் புரட்டாசி முதல் மார்கழி வரை ஃபாண்டன்ட் வேண்டாம் என்பது என் தீர்மானம். போதாததற்குப் பிள்ளைகள் அதை உரித்து இலையோரம் வைத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக நான் வந்து சேர்ந்தது முந்திரிக் கத்லி மாவு. இருநூறு கிராம் முந்திரிக்கு நூறு கிராம் சர்க்கரை, ஒரு கம்பிப் பாகு, ஒரு கரண்டி நெய். முந்திரியை விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். ஆறியதும் ஜெல் கலர் சேர்த்துப் பிசைந்து தேய்த்தால் இலையாக, சக்கரமாக, கொக்காக வளைகிறது. ஃபாண்டன்டின் மினுமினுப்பு இதில் வராது, செலவும் கூடுதல். ஆனால் இலையோரத்தில் ஒரு துண்டு மிஞ்சியதில்லை.

இரண்டாவது கண்டுபிடிப்பு பொரி. மகளின் எட்டாவது பிறந்தநாளுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை கேட்டாள். எவர்சில்வர் கிண்ணத்தில் 160 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைத்த கேக், கீழ்ப்பாதிக்குப் பொருத்தமாக அமைந்தது. தலையையும் கேக்கிலேயே உருட்டி, மூங்கில் குச்சியில் செருகினேன். பெயரே தலையாட்டிதானே, கொஞ்சம் ஆடினால் ஆடட்டும் என்று விட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றும்போது அது ஒரு தரம் ஆமோதித்துவிட்டு மடியில் விழுந்தது. எடை போட்டுப் பார்த்தால் தலை மட்டும் நானூறு கிராம். மறுமுறை அதே அளவில் பொரி உருண்டை பிடித்தேன், கார்த்திகைக்குப் பிடிப்பதுபோலவே வெல்லப்பாகு ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் அழுத்தி. நூற்றைம்பது கிராம்கூட வரவில்லை. கிரீமின் ஈரத்தில் பொரி நமத்துவிடாமலிருக்க கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி மேலே பூசி, அதன்மேல் கத்லி மாவைப் போர்த்தினேன். அசல் சாக்லேட் இங்கே சரிவராது; அதிலுள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும், சித்திரையில் எங்கள் கூடமே அதற்கு மேல்.

கேக்கை எடுத்துப் போவதற்கு ஒரே விதி வைத்திருக்கிறேன்: உருவங்களைத் தனி டப்பாவில் வைத்து, போன இடத்தில் பொருத்துவது. பாமணி ஆற்றங்கரைச் சாலையின் வேகத்தடைகள் கற்றுக்கொடுத்தது.

நான்காம் வருடம் அடுப்பின் அடிக்கம்பி போனது. தயாரித்த நிறுவனத்துக்கு மூன்று முறை போன் செய்து, மூன்று முறையும் புகார் எண் மட்டும் வாங்கினேன். கடைசியில் கடைத்தெரு எலெக்ட்ரீஷியன் ஒருவர் அரை மணி நேரத்தில் வேறு கம்பி மாட்டிக்கொடுத்தார்; இன்றுவரை ஓடுகிறது. ஒரு கேக்குக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் கரண்ட், ஒரு கிலோ கேக்குக்குப் பொருள் செலவு ஐந்நூற்றுச் சொச்சம், உருவக் கேக்கானால் என் உழைப்பு ஏழெட்டு மணி நேரம். இன்று புதிதாக வாங்குவதாயிருந்தால் காற்றாடி வைத்த நாற்பது லிட்டர் அடுப்பு வாங்குவேன். அதற்கும் முன்னால் ஒரு டிஜிட்டல் தராசு.

அடுத்த மாதம் நாத்தனார் மகனுக்கு ஆறு வயது. அறுவடை மெஷின் வேண்டுமாம். பெரிய டயர்களோடு ஒரு படம் வரைந்து காட்டினேன். “இது நம் வயலில் புதைந்துவிடும் அத்தை, பெல்ட் வண்டி செய்யுங்கள்” என்று பென்சிலை வாங்கி அடித்துத் திருத்தினான். பெல்ட்டின் வரிகளைக் கத்லி மாவில் இழுக்கப் புதுச் சீப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.