எட்டு அங்குல டாப்சோனியனில் கோள்வடிவ நெபுலாக்கள்: தருமபுரி அனுபவம்

கோள்வடிவ நெபுலா, அதாவது சாகும் நட்சத்திரம் உதறிய வாயுக்கூடு, என்றதும் எல்லோரும் தேடுவது லைரா விண்மீன் கூட்டத்தில் இருக்கும் வளைய நெபுலா எம்57ஐத்தான். அது மாலையில் உயர நிற்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் தருமபுரியில் மேகம் விடாது. நமக்கு வானம் திறப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. சில வருடங்களாக எட்டு அங்குல டாப்சோனியனில் (தரையில் வைக்கும் எளிய தாங்கியுள்ள கண்ணாடித் தொலைநோக்கி) பார்த்துவருகிறேன். இந்த ஊருக்கு என் முதல் பரிந்துரை ஹைட்ரா விண்மீன் கூட்டத்தில் இருக்கும் என்ஜிசி 3242 (என்ஜிசி என்பது வான்பொருள் பட்டியல் ஒன்றின் பெயர்).

அந்தக் கூட்டத்தின் மியூ ஹைட்ரே நட்சத்திரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 2 டிகிரி தள்ளித் தேடுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கொஞ்சம் உப்பிய நட்சத்திரம், அவ்வளவுதான். 10 மி.மீ. போட்டால், அதாவது என் தொலைநோக்கியில் 120 மடங்கில், நீலப்பச்சை வட்டம் தெளிவாக நிற்கும். வியாழன் அளவுக்கே தெரிவதால்தான் 'வியாழனின் ஆவி' என்ற பெயர். கேமரா இல்லாமல், ஐபீஸில் கண்ணை வைத்தே நிறம் தெரியும் அபூர்வமான நெபுலா இது. எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அந்தப் பச்சை ஆக்சிஜனுடையது. 1864இல் வானியலாளர் ஹக்கின்ஸ் வேறொரு கோள்வடிவ நெபுலாவின் நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை) பார்த்த கோடுகள் அப்போது தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் காரணம் என்று 1927இல் இயற்பியலாளர் போவன் விளக்கினார். ஓ-த்ரீ ஃபில்டர் (இந்த ஆக்சிஜன் ஒளிக்கான வடிகட்டிக் கண்ணாடி) 500.7, 495.9 நானோமீட்டரில் இருக்கும் அதே கோடுகளை மட்டும் விடுகிறது. அதைத் திருகி மாட்டாமல், கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே பிடித்து எடுத்து எடுத்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் மங்கும், நெபுலா மங்காது. அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் நல்ல ஐபீஸ் வாங்குங்கள்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் கேலக்ஸிகள் காணாமல் போகும். இந்தக் கோள்வடிவ நெபுலாக்களின் ஒளி சின்ன இடத்தில் குவிந்திருப்பதால் ஊருக்குள்ளேயே தாக்குப்பிடிக்கும். பரந்து கிடக்கும் ஹீலிக்ஸ் நெபுலாவுக்குத்தான் ஊர் வெளிச்சம் விட்டு வத்தல்மலை ஏற வேண்டும். ஏப்ரலில் மொட்டை மாடித் தளம் இரவிலும் சூடு கக்குவதால் உருவம் நெளியும். அதைவிட வாசல் மண் தரையே நல்லது.

மிதுனத்தின் என்ஜிசி 2392 நம் தலைக்கு மேலே போகும். அந்நேரம் டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு. ஒன்றரை மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பாருங்கள். நேராகப் பார்த்தால் நடு நட்சத்திரம், சற்று ஓரமாகப் பார்த்தால் சுற்றியுள்ள வட்டம் விரியும்.

அப்புறம், எம்57ஐ விட மனமில்லாதவர்கள் ஏப்ரல் கடைசியில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வடக்கே பாருங்கள். லைராவின் ஷெலியாக், சுலாஃபத் என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவில் இருக்கும். எட்டு அங்குலத்தில் அதன் நடு நட்சத்திரம் தெரியாது, வளையம் நன்றாகவே தெரியும்.