எதிரியாக மாறிய நண்பன்: பக்கியா, ஹாரியா?

கையிலிருந்த பணம் ஒரு காமிக்ஸ் தொகுப்புக்குத்தான் போதுமானதாக இருந்தது. எனவே, கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி பார்ன்ஸ் ‘விண்டர் சோல்ஜர்’ ஆன கதையையும், ஸ்பைடர்மேனின் நண்பன் ஹாரி ஆஸ்பர்ன் ‘கிரீன் காப்ளின்’ என்ற முகமூடி வில்லன் ஆன கதையையும் இரவல் வாங்கிப் படித்த பிறகே முடிவெடுத்தேன். வாங்கியது ஹாரியை. (தமிழ் இதழான லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் வேறு; அது பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரம்.)

சித்திர மெருகிலும் கதையோட்டத்தின் வேகத்திலும் பக்கியே முந்துகிறான். 1941-இல் அறிமுகமாகி, உலகப் போரின் இறுதியில் குண்டுவெடிப்பில் மாண்டதாக 1964-இல் சொல்லப்பட்டவன், 2005-இல் இரும்புக் கையுடன் சோவியத் கொலையாளியாகத் திரும்பி வருகிறான். அவன் யார் என்பதைத் திரைப்படத்தின் மூலம் முன்பே அறிந்திருந்ததால், அந்த மர்மத்தின் முழுச் சுவை எனக்குக் கிட்டவில்லை. அந்த வகையில் என் தீர்ப்பு அவனுக்குச் சற்று அநீதியாகவும் இருக்கலாம்.

இருப்பினும், என்னை ஹாரியின் பக்கம் சாய்த்தது ஒரே கேள்விதான்: செய்த தீமையில் அவனுடைய சொந்த மனத்துக்கு எவ்வளவு பங்கு? பக்கியின் நினைவு அழிந்துபோனது, ஏவியவர்கள் வேறு. 2006-இல் காஸ்மிக் கியூப் என்னும் மந்திரப் பொருளைக் கையில் ஏந்திய கேப்டன், நீ யார் என்பதை நினைவுகொள் என்று சொன்னதும் அவன் மீள்கிறான். அதன் பின்னர் அவனைக் குற்றவுணர்வு வாட்டுகிறது என்பது உண்மையே. ஆனால், அவனை மன்னிப்பதற்கு வாசகர் சிறிதும் தயங்க வேண்டியதில்லை.

ஹாரியிடம் அந்த வசதி இல்லை. 1971-லேயே போதை மாத்திரைகளால் நிலைகுலைந்தவன், 1973-இல் தந்தை நார்மன் இறந்ததைக் கண்டு, அவர்தான் முதல் காப்ளின் என்பது வெளியே தெரியாதிருக்க உடையைக் கழற்றி மறைக்கிறான். தந்தையின் சாவுக்கு ஸ்பைடர்மேனையே பழிக்கிறான். தன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பீட்டரே ஸ்பைடர்மேன் என்று அறிந்ததும், 1974-இல் அந்த உடையைத் தானே அணிகிறான். தந்தையை மாற்றிய ரசாயனம் அப்போது அவன் உடலில் இல்லை. எவரும் அவனை ஏவவுமில்லை. துக்கமும் போதையும் சிதைத்த மனம்தான், ஆயினும் அது அவனுடைய மனம். தாங்கள் வசித்த வீட்டில் அவன் வைத்த குண்டில் காயமடைந்தவள் பீட்டரின் தோழி மேரி ஜேன். பிடிபட்டு, பீட்டரின் ரகசியத்தை அவன் கத்திச் சொல்லும்போது, பித்தனின் பேச்சென்று காவலர்கள் ஒதுக்கிவிட, பீட்டர் வாய் திறக்காமல் நிற்கிறான். அந்த மௌனத்தை நட்பு என்பதா, சுயநலம் என்பதா என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

சிகிச்சையில் எல்லாம் மறந்து, லிஸ் ஆலனை மணந்து, பழைய நண்பனாகவே வாழ்கிறான். ஆனால் மறதி குணமன்று. நினைவு திரும்பியதும் நோயும் திரும்புகிறது. 1993-இல், பீட்டரைக் கொல்லத் தானே குண்டு வைத்த கட்டடத்திலிருந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றிவிட்டு இறக்கிறான்.

குறையும் உண்டு. எழுபதுகளின் வசனங்கள் நீளமானவை. கண்முன் நடப்பதையே பாத்திரங்கள் வாயாலும் விவரிக்கின்றன. மேலும், இருபதாண்டுக்கு மேல் பரந்த கதை என்பதால் ஒரே தொகுப்பில் முடிவதில்லை. நான் வாங்கியது 1974-இன் இதழ்கள் அடங்கிய தொகுப்பு. 1993-இன் இறுதி அத்தியாயத்தை இன்னும் இரவலில்தான் வைத்திருக்கிறேன்.