ஜிம்னிக்கு ஸ்பேர் டயர் தாங்கி: கீல் தகடு போதுமா, ஸ்விங் அவுட் வேண்டுமா?

மூன்று கதவு சுசூகி ஜிம்னியின் பின்கதவு 195/80ஆர்15 டயரைச் (அகலம் 195 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம்) சுமக்கச் செய்யப்பட்டது. மலேசியாவின் ஜோகூர்ச் செம்பனைத் தோட்டச் சேற்றுக்காக 235/75ஆர்15 போடுகிறவர்கள் ஸ்பேரையும் அதே அளவில் அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். விட்டம் 693 மில்லிமீட்டரிலிருந்து 733 ஆகும். இரும்பு ரிம்மோடு எடை 25 கிலோவைத் தாண்டும். குழியில் இறங்கி ஏறும்போது மேல் கீல் வெளியே இழுபடும், கீழ்க் கீல் உள்ளே அழுந்தும். முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் கீல் அல்ல, அதன் போல்ட் உட்காரும் மெல்லிய தகடுதான். கதவைப் பாதி திறந்து பூட்டுப் பக்கத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டமோ, போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் வெடிப்போ தெரிந்தால் எதையும் மாட்டும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இதற்குச் சந்தையில் உள்ள மலிவான தீர்வு கீல் வலுவூட்டும் தகடு. பாரத்தை அகலமான பரப்பில் பரப்புகிறது, மாட்டுவதும் எளிது. 215/75ஆர்15 அலாய் ரிம்முக்கு இதுவே போதும், கூடுதல் செலவு தேவையில்லை. 235-க்கு இதை நம்ப முடியாது. கதவு இன்னமும் கதவுத் தகடுதானே.

ஸ்விங் அவுட் தாங்கி என்பது பக்கவாட்டில் சுழன்று திறக்கும் ஒரு கை. அது ஸ்பேர் டயரின் பாரத்தைக் கதவிலிருந்து எடுத்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கு மாற்றுகிறது. வாங்கும்போது சுழலும் அச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டேப்பர் ரோலர் பேரிங்கும் (கூம்பு உருளைத் தாங்கி) கிரீஸ் செலுத்தும் நிப்பிளும் உள்ளதா? உருளை இல்லாத வெறும் புஷ் (குழாய் உறை) என்றால் நாளடைவில் தேய்ந்து கை தொங்கும், பிறகு அதைப் பூட்டும் லாட்ச் பொருந்தாது. மூடிய நிலையில் கை ஒரு ரப்பர் முட்டின் மேல் ஏறி இறுக வேண்டும். பாரம் லாட்சில் நிற்கக் கூடாது. கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் இந்த முட்டைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் பூட்டு இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம். சரிவான இடத்தில் அந்தக் கை தானாக மூடி ஆளை அடிக்கும்.

இதன் உண்மையான விலை எடைதான். தாங்கியும் சக்கரமும் சேர்ந்து 60 கிலோ, பின் அச்சுக்குச் சுமார் 0.7 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிடைத் தூரம் 2.25 மீட்டர் என்பதால் பின் அச்சில் 79 கிலோ விழும், முன் அச்சிலிருந்து 19 கிலோ குறையும். ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். தாங்கியில் 20 லிட்டர் தண்ணீர் கேனையும் தொங்கவிடாதீர்கள். அதை முன் இருக்கைகளுக்குப் பின்னால், தரையோடு கட்டுங்கள்.

டயரைக் கூரையில் ஏற்றலாமா என்றால், கூடாது. ஜிம்னியின் கூரை வரம்பு 30 கிலோ, ரேக்கும் அதில் அடக்கம். வண்டி 1.72 மீட்டர் உயரம். ரேக்கும் படுத்த டயரும் சேர்ந்தால் 2.05-ஐத் தொடும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தின் உயரப் பலகையைப் பார்க்காமல் நுழைய முடியாது.

நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறையக் கூடாது. சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். பிளேட்டை இடம் மாற்றும் மாடல்களில் அதற்கான விளக்கும் வேண்டும். சக்கரத்தின் நட் எம்12x1.25, ரிம்மில் ஐந்து துளை, பிசிடி (துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7 மில்லிமீட்டர். தாங்கியின் ஸ்டட் (நட் ஏறும் மரைத்தண்டு) இதற்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் சேஸி போல்ட்களை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்க வேண்டும்: பெயிண்ட் மேல் அமர்ந்த போல்ட், அந்தப் பெயிண்ட் நசுங்கியதும் தளர்ந்துவிடும்.